கட்டணத்துக்குத் தேதி இருக்கு, உதவிக்குத் தேதி இருக்கா?



பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னைக்கு உங்க வீட்டுல இனிப்பு வாங்கியிருப்பீங்க. அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்திருப்பீங்க. அடுத்த வாரமே பேச்சு மாறியிருக்கும். "எந்தக் காலேஜ், என்ன கோர்ஸ்?" என்று கேட்டவர்கள் எல்லாம் "எவ்வளவு கட்டணும், எப்பக் கட்டணும்?" என்று கேட்க ஆரம்பித்திருப்பார்கள். ராத்திரி பிள்ளை தூங்கினபிறகு அப்பாவும் அம்மாவும் மெல்லப் பேசிக்கொள்வார்கள். எந்த நகை ஏற்கெனவே அடகில் இருக்கிறது, எது கையில் இருக்கிறது, யாரிடம் இன்னும் கேட்கவில்லை என்று ஒரு கணக்கு ஓடும். பிள்ளை தூங்கியிருக்காது. அதுவும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருக்கும்.

இந்தப் பதிவு அந்த ராத்திரிப் பேச்சைப் பற்றியது.

நம்ம ஊர் வருமானம் எப்படி வருகிறது என்று முதலில் பார்ப்போம். பூட்டுப் பட்டறையில் வேலை பார்ப்பவருக்குச் செய்த பூட்டுக்குத்தான் கூலி. சின்னாளப்பட்டியில் தறியில் உட்காருபவருக்கு நெய்து கொடுத்த சேலைக்குத்தான் கூலி. நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகும் அம்மாவுக்குப் பறித்த பூவுக்குத்தான் காசு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அண்ணனுக்கு அன்றைய லோடுக்குத்தான் பணம். வேடசந்தூர் நூற்பாலைக்குப் போகிறவருக்கு ஷிப்ட் கணக்கு. தினமும், வாரமும், சில்லறையாக வருகிற வருமானம் இது.

காலேஜ் கட்டணம் அப்படிக் கேட்பதில்லை. மொத்தமாகக் கேட்கிறது. தேதி போட்டுக் கேட்கிறது.

ஒரு கணக்கு போடுவோம். சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு 2017இல் கட்டண நிர்ணயக் குழு வைத்த உச்சவரம்பு, கலந்தாய்வு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். தர அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு 87,000. பஸ், ஹாஸ்டல், புத்தகம் எல்லாம் தனி. இப்போது வாரம் 500 ரூபாய் மிச்சம் பிடிக்கிற ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊரில் அது பெரிய மிச்சம். ஒரு வருஷம் முழுக்க ஒரு வாரம்கூடத் தவறாமல் சேர்த்தாலும் 26,000தான் ஆகும். முதல் வருஷக் கட்டணம் 55,000 சேர 110 வாரம் வேண்டும். இரண்டு வருஷத்துக்கும் மேல். ஆனால் ரிசல்ட்டுக்கும் அட்மிஷனுக்கும் நடுவே இருப்பது சில வாரங்கள்.

"அதுக்குத்தானே அரசாங்கம் உதவித்தொகை கொடுக்குது, பேங்க்ல கல்விக்கடன் கொடுக்குறாங்க" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. உதவியே இல்லை என்று நாம் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் எந்தக் கட்சி ஆண்டாலும் கல்விக்கு ஏதோ ஒரு படி கட்டிவிட்டுத்தான் போயிருக்கிறது. முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு 2020இல் வந்தது, பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு 2021இல் வந்தது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. நல்லதை யார் செய்தாலும் நல்லது என்று சொல்வோம்.

நம்ம கேள்வி வேறு. கட்டணத்துக்கு ஒரு கடைசித் தேதி இருக்கிறது. அந்தத் தேதிக்குள் உதவி கைக்கு வர வேண்டும் என்று யாருக்காவது ஒரு கடைசித் தேதி இருக்கிறதா?

காலேஜ் கவுன்டரில் "அண்ணே, 15ஆம் தேதிக்குள்ள கட்டிருங்க, இல்லைன்னா சீட் போயிரும்" என்கிறார்கள். பேங்க்கில் "அட்மிஷன் போட்ட ரசீது கொண்டாங்க, அப்புறம் பார்ப்போம்" என்கிறார்கள். உதவித்தொகைக்குப் பிள்ளை சேர்ந்து, கல்லூரி விண்ணப்பத்தைச் சரிபார்த்து, மேலே அனுப்பி, பல மேசை தாண்டி, வங்கிக் கணக்கில் பணம் ஏற வேண்டும். சேர்ந்தால்தான் பணம் வரும், பணம் கட்டினால்தான் சேர முடியும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒருத்தர் நிற்கிறார். கேட்ட அன்னைக்கே நோட்டை எண்ணிக் கொடுக்கிறார். அவர்தான் வட்டிக்காரர்.

50,000 ரூபாயை நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்கினால் மாதம் 2,500 ரூபாய் வட்டி. உதவித்தொகை எட்டு மாதம் தாமதமாக வந்தால் வட்டி மட்டுமே 20,000. அசல் அப்படியே நிற்கும். அரசு கொடுத்த உதவியில் பெரும்பங்கு பிள்ளையின் படிப்புக்குப் போகாமல் வட்டிக்குப் போய்விடும். உதவி கொடுக்காததால் வந்த நஷ்டம் இல்லை இது. தாமதமாகக் கொடுத்ததால் வந்த நஷ்டம்.

இந்தத் தாமதம் என்ன செய்யும் என்பதற்கு நாடறிந்த ஒரு வழக்கு இருக்கிறது. உத்தரப்பிரதேசம் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தலித் மாணவர். அப்பா தினக்கூலி. பையன் ஐஐடி நுழைவுத் தேர்வில் வென்று, தன்பாத் ஐஐடியில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் இடம் வாங்கிவிட்டார். இடத்தை உறுதிசெய்யக் கட்ட வேண்டியது 17,500 ரூபாய். கடைசி நேரம் 2024 ஜூன் 24, மாலை 5 மணி. பணத்தைப் புரட்டி முடிப்பதற்குள் நேரம் ஓடிவிட்டது. இணையதளம் மூடிக்கொண்டது. இடம் போய்விட்டது.

அந்தக் குடும்பம் சும்மா இருக்கவில்லை. ஜார்க்கண்ட் சட்டப்பணிகள் ஆணையம், நம்ம சென்னை உயர் நீதிமன்றம் என்று கதவு கதவாகத் தட்டி, கடைசியில் உச்ச நீதிமன்றம் போனது. 2024 செப்டம்பர் 30 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு, அரசமைப்புச் சட்டத்தின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி, அதே ஆண்டிலேயே அந்த மாணவருக்கு இடம் கொடுக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. வரவேற்போம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். 17,500 ரூபாய்க்கு ஒரு தினக்கூலியின் மகன் டில்லி வரை போக வேண்டியிருந்தது. ஐஐடி என்பதால் நாடு திரும்பிப் பார்த்தது. நத்தத்திலோ வத்தலக்குண்டிலோ ஒரு பிள்ளை பி.எஸ்சி. நர்சிங் இடத்தையோ பி.இ. இடத்தையோ இப்படி விட்டால் எந்த நீதிமன்றத்துக்குப் போகும்? அது மறுநாள் மில்லுக்கு வேன் ஏறும். அவ்வளவுதான். கேஸ் நம்பர்கூட இருக்காது.

நம்ம ஊரிலேயே ஒரு பெருமையான நினைவு இருக்கிறது. 2023 பிளஸ் டூ தேர்வில் 600க்கு 600 எடுத்து தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவர் திண்டுக்கல் மாணவி, ஒரு தச்சுத் தொழிலாளியின் மகள். முதலமைச்சர் அழைத்துப் பாராட்டினார், மேற்படிப்புக்கு அரசு துணை நிற்கும் என்றார். எல்லாக் கட்சிக்காரர்களும் வாழ்த்தினார்கள். மாவட்டமே தன் வீட்டுப் பிள்ளை ஜெயித்த மாதிரி சந்தோஷப்பட்டது.

அதே வருஷம் 420 எடுத்த தச்சர் மகளும் இங்கே இருந்திருப்பாள். 380 எடுத்த தறிக்காரர் மகனும் இருந்திருப்பான். அவர்களும் இரவெல்லாம் படித்தவர்கள்தான், அவர்களும் பாஸ் ஆனவர்கள்தான். ஆறுநூறு எடுத்தால்தான் அரசு வாசலுக்கு வரும் என்றால் அது பரிசு. உரிமை என்பது நானூறு எடுத்த பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும்.

இதற்கு வழி இல்லையா? இருக்கிறது. தமிழ்நாடே ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது.

2020 நவம்பர். 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் முதல் மருத்துவக் கலந்தாய்வு 18ஆம் தேதி தொடங்கியது. கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனியார் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கிடைத்த இடத்தின் கட்டணம் லட்சக்கணக்கில். "எங்களால முடியாது சார்" என்று கண்கலங்கி இடத்தை விட்டுப் போன பிள்ளைகள் இருந்தார்கள். தமிழ்நாடு முழுக்கப் பேச்சானது. 21ஆம் தேதி அன்றைய அரசு ஒரு அறிவிப்பு வெளியிட்டது. உதவித்தொகை வரும்வரை காத்திருக்க வேண்டாம், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தில் ஒரு சுழல் நிதி வைத்து, கட்டணத்தை அரசே கல்லூரிக்கு உடனே செலுத்தும் என்றது.

அந்த அறிவிப்பு மூன்று நாள் முன்னால் வந்திருந்தால்? இடத்தை விட்டுப் போன பிள்ளைகள் போயிருக்க மாட்டார்கள். அவர்களில் சிலர் பிறகு நீதிமன்றப் படி ஏற வேண்டியும் வந்திருக்காது. மூன்று நாள் தாமதத்தின் விலை அது.

ஆனாலும் அந்தச் சுழல் நிதி ஒரு முக்கியமான பாடம். முதலில் அரசு கட்டுகிறது. பிறகு உதவித்தொகை வரும்போது அது நிதிக்குத் திரும்புகிறது. அடுத்த பிள்ளைக்குப் போகிறது. ஏற்கெனவே கொடுப்பதாக ஒத்துக்கொண்ட பணம்தான், கொஞ்சம் முன்னாடி கொடுக்கிறோம். "அரசிடம் பணம் இல்லை" என்ற பதில் இங்கே செல்லாது.

மருத்துவத்துக்குச் செய்ததை மற்ற படிப்புகளுக்கும், எல்லா ஏழைப் பிள்ளைகளுக்கும் ஏன் செய்யக்கூடாது? இதுதான் நம்ம கேள்வி, இதுதான் நம்ம கோரிக்கை.

"கடன் வாங்கிப் படிக்கட்டுமே" என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்விக்கடன் நல்ல திட்டம். 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக்கூடாது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கிடையாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தகுதியான படிப்புகளுக்கு அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. காகிதத்தில் எல்லாம் சரி. கிளையில் போய் நின்றால் "அப்பாவோட சிபில் ஸ்கோர் சரியில்லை", "வேற பிராஞ்சுக்குப் போங்க" என்ற பதில்தான் பலருக்கும் கிடைக்கிறது. மாணவரின் சிபில் ஸ்கோர் குறைவு என்பதற்காகக் கல்விக்கடனை மறுக்கக்கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது. கடன் வாங்க வருகிற மாணவன் இனிமேல்தான் சம்பாதிக்கப் போகிறவன் என்ற சாதாரண நியாயத்தைக்கூட நீதிமன்றம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடன் கிடைத்தபின் வேலை கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? 2016இல் பக்கத்து மதுரையில், கல்விக்கடன் வாங்கிச் சிவில் இன்ஜினியரிங் முடித்த ஒரு இளைஞரை நாம் இழந்தோம். வசூல் நெருக்கடிதான் காரணம் என்று குடும்பம் குமுறியது. பொதுத்துறை வங்கி கொடுத்த கல்விக்கடனைத் தனியார் நிறுவனத்துக்கு விற்று வசூலிக்க விடலாமா என்ற கேள்வி அப்போது தமிழ்நாடு முழுக்க எழுந்தது. அந்தக் கேள்வியை நாம் மறக்கவில்லை. தம்பி தங்கைகளே, கடனுக்கு வழி உண்டு, தவணையை மாற்றிக் கேட்கலாம், எதிர்த்து வழக்குப் போடலாம். உங்க உயிருக்கு மாற்று கிடையாது. நெருக்கடி வந்தால் தனியாகச் சுமக்காதீர்கள், வீட்டில் சொல்லுங்கள், எங்களிடம் சொல்லுங்கள்.

இப்போது யார் ஏழை என்ற கணக்கு. உயர் சாதி ஏழைகளுக்கான 10 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் வருமான வரம்பு 8 லட்சம். பட்டியல் சாதி மாணவர் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வாங்க வரம்பு 2.5 லட்சம். அதாவது மாதம் 20,833 ரூபாய். அப்பா பட்டறைக்கும் அம்மா மில்லுக்கும் போனால், இரண்டு பேர் கூலியும் சேர்ந்து இந்தக் கோட்டைத் தாண்டிவிடும். வேலைக்குப் போனதற்கே தண்டனையா? ஒரே நாட்டில் ஏழைக்கு இரண்டு அளவுகோல் எப்படி வந்தது?

இன்னொன்று. 7.5 விழுக்காடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். அரசு உதவி பெறும் பள்ளியில் அதே ஏழை வீட்டுப் பிள்ளை படித்தால் கிடையாது. புதுமைப்பெண் திட்டத்தை உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 2024 டிசம்பரில் விரித்தார்களே, அதே மனசு கட்டண விஷயத்திலும் வர வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள்:

1. மாவட்டத்துக்கு ஒரு கல்விக் கட்டணச் சுழல் நிதி. உதவித்தொகைக்கோ கல்விக்கடனுக்கோ தகுதியுள்ள மாணவரின் முதல் கட்டணத்தை ஆட்சியர் அலுவலகமே கல்லூரிக்கு நேரடியாகச் செலுத்த வேண்டும்.

2. உதவித்தொகைக்கோ கடனுக்கோ விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டு காட்டும் மாணவரின் இடத்தை, முடிவு வரும்வரை எந்தக் கல்லூரியும் ரத்து செய்யக்கூடாது.

3. கல்விக்கடன் விண்ணப்பத்துக்கு வங்கி 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

4. உதவித்தொகை வருமான வரம்பை உயர்த்த வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி ஏழை மாணவருக்கும் கட்டண உதவி வேண்டும்.

5. கல்விக்கடனைத் தனியாருக்கு விற்பதைத் தடை செய்ய வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும்வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. அதனால் பெற்றோர்களே, உங்களிடமும் சில வார்த்தை. கண்டிப்பாகச் சொல்கிறோம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் ரிசல்ட்டுக்கு முன்னாடியே இ-சேவை மையத்தில் வாங்கி வையுங்கள். ரிசல்ட் வந்தபிறகு எல்லாரும் ஒரே நாளில் போய் வரிசையில் நிற்பார்கள்.

"கவுன்சிலிங் எல்லாம் வேணாம், இப்பவே சீட் போட்டுத் தர்றோம்" என்று ஏஜென்ட் வந்தால் அவசரப்பட்டுக் கையெழுத்து போடாதீர்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது. 2024 நவம்பரில் வந்த பிஎம் வித்யாலட்சுமி கடன் திட்டமும் கிடையாது. நாலு வருஷத்துக்கு 55,000 வீதம் 2,20,000. 87,000 வீதம் 3,48,000. ஒரு கையெழுத்தில் 1,28,000 ரூபாய் வித்தியாசம், சலுகை போனது தனி.

கட்டின ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் கட்டாய நன்கொடை குற்றம். ஒரிஜினல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் சொல்லியிருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கேளுங்கள்.

வட்டிக்கு வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், வெற்றுப் பத்திரத்திலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்து போடாதீர்கள். 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி பாராமல் எல்லாத் தரப்பு வீட்டுப் பிள்ளைக்கும் இது பொருந்தும். நம் கிளைத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கொடிக்கம்பம் நடுவது இருக்கட்டும். ஜூன் மாதம் முழுக்க ஒவ்வொரு கிளையிலும் ஒருவர் மாணவர்களோடு பேங்க்குக்கும் இ-சேவை மையத்துக்கும் கூடப் போங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த கல்லூரித் தம்பி தங்கைகளைக் கூட அழைத்துச் செல்லுங்கள். தனியாகப் போகிற அம்மாவுக்குக் கிடைக்கும் பதில் வேறு, நாலு பேரோடு போகிற அம்மாவுக்குக் கிடைக்கும் பதில் வேறு. நம்ம எல்லாருக்கும் இது தெரியும்.

திண்டுக்கல் மண்ணுக்குக் கல்வி புதிதில்லை. காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் அம்மையாரை 1962இல் இந்தத் தொகுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அவர் மத்தியக் கல்வித் துறையின் துணை அமைச்சரானார். கிராமத்துப் பிள்ளைகள் உயர்கல்வி படிக்கவே 1956இல் காந்திகிராமத்தில் கிராமிய நிறுவனம் எழுந்தது. அந்த மண்ணில், இன்று ஒரு பிள்ளை பணம் கட்டும் தேதி தாண்டிப்போனது என்பதற்காகப் படிப்பை விடலாமா?

இந்த வருஷம் உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கட்டணத்துக்காகத் தடுமாறும் பிள்ளை இருந்தால், எங்கள் ஒன்றிய, நகர அலுவலகத்துக்கு நேரில் வாங்க. பொதுவெளியில் பிள்ளையின் பெயரோ போன் நம்பரோ போட வேண்டாம். கடைசித் தேதிக்கு முன்னாடி வாங்க. அதுதான் முக்கியம்.

படிக்க வேண்டியது பிள்ளையின் கடமை. பணம் தேதிக்குள் வந்து சேர வைப்பது அரசின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது நம் கடமை.

பகிருங்கள். ஒரு வீட்டுக்காவது நேரத்தில் போய்ச் சேரட்டும்.

#கடைசித்_தேதிக்கு_முன்_உதவி
#கல்விக்_கட்டணச்_சுழல்_நிதி
#திண்டுக்கல்